அடர் பாலிமர் கரைசலில் நானோதுகள்: எந்தக் கணக்கு எடுபடும்?

கெட்டியான பாலிமர் கரைசலுக்குள் ஒரு நானோதுகள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று கேட்டால், பெரும்பாலோர் கை ஐன்ஸ்டைனின் 1905 சமன்பாட்டுக்குத்தான் போகும்: துகளின் விட்டமோ திரவத்தின் பாகுத்தன்மையோ (அதாவது கெட்டித்தன்மை) இரட்டிப்பானால் பரவல் பாதியாகும் என்பதே அது. தண்ணீரில் அது அருமையாகப் பொருந்தும். 25 டிகிரியில் 100 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒரு நொடியில் நுண்ணோக்கித் திரையில் சுமார் 4.4 மைக்ரான் நகர்ந்திருக்கும். தண்ணீரைவிட 1000 மடங்கு பாகுத்தன்மை உள்ள கரைசலில் அதையே விட்டால் 0.14 மைக்ரான்தான், தன் விட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே.

பெரிய துகளுக்கு இது சரி. சிறியதற்கு அல்ல. சேமியா பாயசத்தில் முந்திரிக்கு எல்லாமே கெட்டி, ஏலப்பொடிக்கோ இழைகளுக்கு நடுவே வெறும் பால். பாலிமர் சங்கிலிகளுக்கு இடையிலும் அப்படிச் சில நானோமீட்டர் அகலக் கண்ணிகள் இருக்கின்றன. சங்கிலியின் நீளத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்: பின்னிக் கிடக்கும் கரைசலின் பாகுத்தன்மை ஏறக்குறைய 10 மடங்கு ஏறும், ஆனால் கண்ணியின் அளவு செறிவைப் பொறுத்ததே தவிர நீளத்தைப் பொறுத்ததல்ல, அதனால் அதைவிடச் சிறிய துகளுக்கு எதுவுமே மாறியிருக்காது. பாகுத்தன்மையை அளக்கும் விஸ்கோமீட்டர் காட்டிய எண்ணை அப்படியே 5 நானோமீட்டர் துகளுக்குப் போட்டு, வாரக்கணக்கில் தப்பான விடையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அடுத்தது தடுப்பு மாதிரி, அதாவது சங்கிலிகளைத் துகளின் வழியை மறிக்கும் தடைகளாகப் பார்க்கும் கணக்கு. ஆக்ஸ்டன் 1958-இல் நார்க் குவியலின் இடைவெளிகளுக்குப் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்தது. சங்கிலிகள் அசையாது என்று வைத்துக்கொள்வதால் குறுக்கே பிணைத்த ஜெல்லுக்கு நன்றாக உதவும். கரைசலில் அப்படி இல்லை, சங்கிலிகளும் நெளிந்துகொண்டே இருக்கின்றன, கண்ணியைவிடப் பெரிய துகளும் வழி கிடைத்து நகர்கிறது.

அதனால் கரைசல் என்றால் என் ஓட்டு, லி-ஹெங் காய், பன்யூகோவ், ரூபின்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2011-இல் முன்வைத்த கோட்பாட்டுக்கே. சங்கிலியோடு ஒட்டாத துகள்களுக்கானது அது. கண்ணியைவிடப் பெரிய, ஆனால் பின்னல் குழாயின் (சுற்றிப் பின்னிய சங்கிலிகள் ஒவ்வொரு சங்கிலியையும் அடைத்துவைக்கும் குழாய் போன்ற இடம்) விட்டத்தைவிடச் சிறிய துகள், தன் அளவே உள்ள சங்கிலித் துண்டுகளின் அசைவோடு சேர்ந்து நகர்கிறது. இந்த இடைப்பட்ட அளவில் விட்டம் இரட்டிப்பானால் பரவல் எண் (பரவும் வேகத்தின் அளவு) ஐன்ஸ்டைன் கணக்கில் போலப் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். குழாயைவிடச் சற்றுப் பெரியதென்றால் சங்கிலிகள் விலகும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தன்னைச் சிறைவைத்திருக்கும் சங்கிலிக் கூண்டிலிருந்து பக்கத்துக் கூண்டுக்குத் தாவ வேண்டும். ஆகவே முதலில் கண்ணியின் அளவைக் கணக்கிடுங்கள், விஸ்கோமீட்டரை அப்புறம் தொடலாம்.