பெயர் எழுதாத மாத்திரையை வயதான நாய்க்குக் கொடுக்காதீர்கள்

வயதான நாய் வீட்டில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு தனியார் கிளினிக்கில் எங்கள் மணிக்குக் கொடுத்த மாத்திரை அவன் வயிற்றைப் புண்ணாக்கி, உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. புகார் கொடுத்திருப்பதால் கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே நடந்தது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான்.

மணி லேப்ரடார். 12 வயது, 30 கிலோ. பின்னங்கால் மூட்டு தேய்ந்து, டைல்ஸ் தரையில் எழுந்திருக்கவே சிரமப்பட்டான். கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுவிட்டு, காகிதக் கவரில் இரண்டு வகை மாத்திரை தந்தார்கள். ஒன்று உதிரியாக இருந்தது. இன்னொன்று, பெயர் தெரியாதபடி துண்டு துண்டாக வெட்டிய அட்டையில். கவர் மேல் 1-0-1 என்று மட்டும் பேனாவில் எழுதியிருந்தது.

"மாத்திரை பேரு எழுதித் தாங்க டாக்டர்" என்று என் கணவர் கேட்டார். "பேரு தெரிஞ்சு என்ன சார் பண்ணப் போறீங்க? நாய்க்கு வலி போகணும், அவ்வளவுதானே?" என்றார். ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் எதுக்கும்மா". பில்லிலும் 'சிகிச்சை, மருந்து' என்று ஒரே வரி, ரூ.2,400.

மாத்திரை ஆரம்பித்ததும் மணி நன்றாக நடந்தான். அதுதான் கொடுமை. கால் சரியாகிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்ட அந்த நாட்களில்தான் இரைப்பை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. தட்டுச் சத்தம் கேட்டாலே ஓடி வருகிறவன், சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு வாந்தி. பிறகு மலம் கன்னங்கரேலென்று, பிசுபிசுப்பாக, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு. வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது ஓரத்தில் ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் செரித்து வந்தால் மலம் இப்படித்தான் இருக்கும்.

அதே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார். வாந்திக்கு ஊசி, பேதிக்கு மெட்ரோனிடசோல், தெம்புக்கு இரும்புச்சத்து டானிக், எல்லாவற்றுக்கும் மறுபடி பணம். வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, "கண்டினியூ பண்ணுங்க" என்றார். மலம் இன்னும் கறுப்பாகவே போகிறதே என்று போன் செய்தால், "அது டானிக்கால வர்ற கறுப்பு". இரும்பு டானிக் மலத்தைக் கறுப்பாக்கும், உண்மைதான். ஆனால் டானிக் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே மலம் கறுத்துவிட்டது. அதைச் சொல்லியே அழைத்துப் போனோம். காதில் வாங்கவில்லை.

கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது மணியால் நிற்க முடியவில்லை. டாக்டர் அவன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எங்களிடம் இருந்தது கவர் மட்டும்தான். அதிலிருந்த அட்டைத் துண்டு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் 'சோலோன்' என்று வால் மட்டும் மிச்சம். "இது பிரெட்னிசோலோன், ஸ்டீராய்டு. இன்னொண்ணு என்னன்னு உடனே கேளுங்கம்மா." கிளினிக்கில் வெகுநேரம் இழுத்தடித்த பிறகு சொன்னார்கள்: மெலாக்சிகாம் 7.5 மில்லிகிராம், அதுதான் வலி மாத்திரை.

30 கிலோ நாய்க்கு மெலாக்சிகாம் முதல் நாள் 6 மில்லிகிராம், பிறகு தினம் ஒருமுறை 3 மில்லிகிராம். மணிக்குப் போனது மனிதர் மாத்திரை, காலையும் இரவும், தினம் 15 மில்லிகிராம். ஐந்து மடங்கு! அதோடு ஸ்டீராய்டு வேறு. இந்த இரண்டையும் நாய்க்குச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதென்றாலும் நடுவில் சில நாள் இடைவெளி விட வேண்டும். இரைப்பையின் உள்தோலைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்ப்பதும் புரோஸ்டாகிளாண்டின் என்கிற பொருள். மெலாக்சிகாம் வகை வலி மாத்திரைகள் அதன் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன. ஸ்டீராய்டும் சேர்ந்தால் புண் சீக்கிரம் வரும். வாந்தியில் உடம்பு வறண்டால் சிறுநீரகமும் அடி வாங்கும். மணிக்கு ஹீமோகுளோபின் இறங்கி, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. அந்த ரத்தப் பரிசோதனையைத்தான் மாத்திரை தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டும்.

இரண்டு மாத்திரையையும் நிறுத்தினார்கள். (ஸ்டீராய்டு பல வாரம் போயிருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாதாம், படிப்படியாகக் குறைக்க வேண்டுமாம். இதற்கும் மருந்தின் பெயர் தெரிந்தாக வேண்டும்.) டிரிப்ஸ், வயிற்று அமிலத்தைக் குறைக்க நரம்பில் பான்டபிரசோல் ஊசி. வீட்டுக்கு வந்தபின் அதற்கே வெறும் வயிற்றில் ஒமிபிரசோல். புண்ணின் மேல் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட் சிரப்பை மற்ற மருந்துகளிலிருந்து 2 மணி நேரம் தள்ளிக் கொடுக்கச் சொன்னார்கள், இல்லையென்றால் அது மற்ற மருந்தை உடம்பில் சேர விடாது. சாப்பாடு குழைந்த சோறும் தோல் நீக்கி வேகவைத்த கோழியும், உப்பில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று சின்ன வெங்காயம் போட்ட மோர்சாதம் கொடுக்கச் சொன்ன உறவினர்கள் உண்டு. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ரத்தம் இழந்து கிடக்கிற நாய்க்கு அதைவிட ஆபத்து வேண்டாம்.

இப்போது மணி தேறிவிட்டான். மூட்டுவலிக்கு அளவு பார்த்து கபாபென்டின் என்கிற வேறு வகை வலி மருந்து கொடுக்கிறோம். எடையைக் குறைக்கிறோம், கூடம் முழுக்க ரப்பர் பாய் விரித்திருக்கிறோம். வழுக்காத தரையே அவனுக்குப் பாதி வைத்தியம்.

வலி மாத்திரையே விஷம் என்று நான் சொல்லவில்லை. மூட்டு தேய்ந்த நாய்க்குச் சரியான அளவில், ரத்தம் பார்த்துக் கொடுத்தால் அது நிம்மதியாக நடக்கும். ஆனால் மருந்தின் பெயர், மில்லிகிராம், எத்தனை நாள் என்று எழுதி வாங்காமல் கிளினிக்கை விட்டு இறங்காதீர்கள். ஊசியின் பெயரையும் சேர்த்துத்தான். எழுதித் தர மறுத்தால் மாத்திரையை வாங்காமல் வேறு டாக்டரிடம் போங்கள். மாத்திரை போகும் நாட்களில் சாப்பாடு மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மலம் கறுத்தாலோ அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மெடிக்கலில் கேட்டு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு செய்தவர்தான் வைத்தியம் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நாங்கள் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டோம். கவர், அட்டைத் துண்டு, இரண்டு பில், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றின் நகலும் வைத்திருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் சொல்லலாம். உங்களுக்கும் இப்படிப் பெயரில்லாத மாத்திரை தந்திருந்தால் மிச்சத்தைத் தூக்கி எறியாதீர்கள், கவரோடு அப்படியே எடுத்து வையுங்கள்.