ஓல்ட்-டைம் இசை: பட்டறையில் கற்பதா, ஜாமில் கற்பதா?

ஓல்ட்-டைம் ஃபிடில் கலைஞர் டாமி ஜாரல் இருந்தவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. வட கரோலினாவில் மவுண்ட் ஏரி என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள டோஸ்ட் என்ற சிற்றூரில் இருந்தது அவர் வீடு. நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன்படுத்தும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். 1970களில் இளைஞர்கள் ஃபிடிலையும் (நாட்டுப்புற இசையில் வயலினுக்கு இதுதான் பெயர்) பாஞ்சோ என்ற தந்திக் கருவியையும் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ அவரைத் தேடி வந்தார்கள். வந்தவர்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டுவார், அவர்களையும் சேர்ந்து வாசிக்கச் சொல்வார், சாப்பாடும் போடுவார். வில் எந்த இடத்தில் திரும்புகிறது என்று கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். பார்த்த கையோடு அவருடனேயே வாசிக்கலாம். 1985இல் அவர் காலமானார். அந்தத் தலைமுறையும் ஏறக்குறையப் போய்விட்டது. அங்கே ஒன்றாகக் கிடைத்தது இன்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கற்றுக்கொள்ளப் பட்டறை, கூடி வாசிக்க ஜாம். புதிதாக வருகிறவர் எதில் முதலில் காலை வைப்பது என்பதுதான் இப்போதைய கேள்வி.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஓல்ட்-டைம் என்பது அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வேரூன்றிய நடன இசை. ஃபிடில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களோடு வந்தது. பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் சுரைக்குடுக்கையில் செய்து வாசித்த கருவியிலிருந்து பிறந்தது. 1940களில் பில் மன்றோ உருவாக்கிய ப்ளூகிராஸ் இதன் வாரிசு; ஆனால் அங்கே ஒவ்வொருவரும் மாறி மாறித் தனியாக வாசித்துத் திறமை காட்டுவார்கள். ஓல்ட்-டைமில் தனி ஆவர்த்தனம் கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டை, திரும்பத் திரும்ப, சேர்ந்தே வாசிப்பார்கள்.

முதலில் பட்டறை. கோடை விடுமுறையில் கல்லூரி வளாகங்கள் காலியாகும்போது ஒரு வார முகாம்கள் நடக்கும். ஆஷ்வில் அருகே வாரன் வில்சன் கல்லூரியில் ஸ்வானனோவா கேதரிங், மேற்கு வர்ஜீனியாவின் எல்கின்ஸில் 1973இல் தொடங்கிய அகஸ்டா, மேற்குக் கரையில் போர்ட் டவுன்செண்டில் 1977 முதல் நடக்கும் ஃபிடில் விழா. பிராஸ்டவுனில் 1925இல் தொடங்கிய ஜான் சி. கேம்ப்பெல் நாட்டுப்புறப் பள்ளியும் உண்டு. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு வாரத்துக்கு ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். சிறிய தொகை அல்ல.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? வலது கை கிடைக்கிறது. பாஞ்சோவின் கிளாஹாமர் முறையைப் பாருங்கள். விரல்களைச் சற்று மடக்கி, ஆள்காட்டி அல்லது நடுவிரல் நகத்தின் மேற்புறத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். பிறகு ஒருமுறை தந்திகளை வருட வேண்டும். ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை. கழுத்தின் நடுவழியில் தொடங்குகிறது. விரல் இறங்கும்போதே கட்டைவிரலும் அந்தத் தந்தியில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கை மேலெழும்போதுதான் அது ஒலிக்கும். எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கட்டைவிரல் கடைசியாக வந்து மீட்டுவதுபோலத்தான் தெரியும். அப்படியே பழகினால் நடை நொண்டும், வேகமும் வராது. ஆசிரியர் பக்கத்தில் வந்து மணிக்கட்டைப் பிடித்து, “விரலும் கட்டைவிரலும் சேர்ந்தே இறங்கட்டும்” என்று ஒருமுறை சொன்னால் பல மாதத் தடுமாற்றம் தீரும்.

ஃபிடிலில் இது இன்னும் முக்கியம். இடது கை வேலை பெரிய சிரமமில்லை. பெரும்பாலும் கழுத்தில் கையை நகர்த்தாமல், முதல் நிலையிலேயே எல்லாம் முடிந்துவிடும். இசையின் உயிர் வில்லில் இருக்கிறது. ஒரு நீள வீச்சு, இரண்டு குட்டை வீச்சு என்பது அடிப்படை. அதை எங்கே மாற்றிப் போடுவது, எந்தச் சுரத்தில் அழுத்துவது, எதை முந்தைய வீச்சோடு இழுத்துச் சேர்ப்பது என்பதில்தான் டாமி ஜாரல் வாசித்த ரவுண்ட் பீக் பாணியும் மேற்கு வர்ஜீனியா பாணியும் பிரிகின்றன. பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் இரைச்சலில் இதைக் காதால் பிடிக்கவே முடியாது. கர்நாடக சங்கீத வயலின் கற்றவர்களுக்கு, வில்லில் பாடம் கேட்காமல் மெட்டு மட்டும் சேர்த்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

பட்டறையின் குறை, அங்கே கற்ற மெட்டு வீடு வரை வருவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வகுப்பு, வகுப்புக்கு ஒன்றிரண்டு மெட்டு. ஒரு வாரம் முடியும்போது செல்பேசி நிறைய ஒலிப்பதிவு இருக்கும், கையில் இரண்டு மெட்டு தங்கினால் பெரிது. வருடா வருடம் முகாமுக்குப் போய், ஆசிரியர்களின் பெயர்ப்பட்டியலை நீட்டிக்கொண்டே, உள்ளூர் ஜாமில் ஒருநாளும் உட்காராதவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். நல்ல வாசிப்பாளர்கள்தான். ஆனால் பக்கத்தில் இன்னொருவர் வாசிக்கத் தொடங்கினால் நிலைகுலைந்துவிடுகிறார்கள்.

இனி ஜாம். காபிக் கடை, மதுக்கடை, யாரோ ஒருவர் வீட்டு முற்றம், எங்கேயும் நடக்கும். நாற்காலிகள் வட்டமாக. ஃபிடில்காரர்கள் நடுவில், பாஞ்சோ அவர்களை ஒட்டி, கிடார் ஒன்றிரண்டு, பாஸ் ஒன்றே ஒன்று. ஒருவர் மெட்டைத் தொடங்குவார். முதல் பாதி இருமுறை, இரண்டாம் பாதி இருமுறை. அது ஒரு சுற்று. அந்தச் சுற்று எட்டு, பத்து, பதினைந்து தடவை ஓடும். போதும் என்று தோன்றினால் தொடங்கியவர் ஒரு காலை முன்னே தூக்குவார். அதுதான் கடைசிச் சுற்று.

இந்தத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் ஜாமின் பாடம். முதல் இரண்டு சுற்று கேட்கிறோம், அடுத்த இரண்டில் மெட்டைத் தாங்கும் முக்கியச் சுரங்களை மட்டும் தொடுகிறோம், ஏழாவது சுற்றில் கை தானாகப் போகிறது. நொட்டேஷன் இல்லை, விளக்கம் இல்லை, நிறுத்தித் திருத்துவார் யாருமில்லை. தவறினாலும் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த அடியில் ஏறிக்கொள்ள வேண்டும். விட்ட இடத்தில் ஏறிக்கொள்ளும் இந்தத் திறமையை எந்தப் பட்டறையாலும் தர முடியாது.

சுருதியிலும் ஒரு நடைமுறை உண்டு. பாஞ்சோவை ஒவ்வொரு சுருதிக்கும் மாற்றிக் கட்ட வேண்டியிருப்பதால் ஜாம் ஒரே சுருதியில் ஒரு மணி நேரம்கூட நிற்கும். ‘ஏ’ சுருதிக்குப் போகும்போது பல ஃபிடில்காரர்கள் கீழ்த்தந்திகள் இரண்டையும் ஒரு சுரம் ஏற்றி, ஏ-ஈ-ஏ-ஈ என்று கட்டுவார்கள். நம் வயலினின் ச-ப-ச-ப ஏற்பாடேதான். டர்ஹாம், ராலே பக்கம் குடியிருக்கும் தமிழர் வீட்டில் கர்நாடக வயலின் படிக்கும் பிள்ளை இருந்தால், இந்தச் சுருதியில் ஒரு ஜாமுக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள். சுரம் தேட அவர்களுக்கு வேலையே இருக்காது. வில்லுக்குத்தான் பாடம் வேண்டியிருக்கும்.

ஆனால் ஜாம் மெட்டுகளைத் தேய்க்கிறது. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். பழைய ஃபிடில்காரர்கள் பலர் ஒரு வரியில் ஓரிரு தட்டு கூட்டியோ குறைத்தோ வாசிப்பார்கள். அந்தக் கோணலில்தான் அவர்கள் முகம் இருக்கிறது. இருபது பேர் கூடும் இடத்தில் அது தாங்காது. யாரோ சமமாக்குவார், எல்லோரும் அதையே பிடித்துக்கொள்வார்கள், பத்து வருடத்தில் அதுவே மூலம் ஆகிவிடும்.

ஆலன் ஜாபரின் கதை இந்த இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. முறையாக வயலின் கற்றவர், டியூக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1966, 67இல் வர்ஜீனியாவின் கிளென் லின்னுக்குப் போய் ஹென்றி ரீட் என்ற முதியவரை ஒலிப்பதிவு செய்து, அவர் வில்லையும் கூர்ந்து பார்த்துக் கற்றார். அந்த மெட்டுகளை டர்ஹாம் அருகே ஹாலோ ராக்கில் நண்பர்கள் கூடும் இடத்தில் வாசித்தார். அங்கிருந்து அவை நாடு முழுக்க ஜாம்களுக்குப் போயின. கூடி வாசித்த அந்த நண்பர்கள் இல்லையென்றால் ரீட்டின் மெட்டுகள் ஒலிநாடாவிலேயே தங்கியிருக்கும். ஜாபர் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்காவிட்டால் வில்லின் நுட்பம் ரீட்டோடு போயிருக்கும். மூலப் பதிவுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜாமில் கேட்ட மெட்டை வீட்டுக்கு வந்து அங்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள், தேய்மானம் எங்கே என்று தெரியும்.

மெபேனில் வாழ்ந்த கறுப்பின ஃபிடில்காரர் ஜோ தாம்ப்சனிடம் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவின் ரியானன் கிடன்ஸ் முதலியோர் கற்றதும் அவர் வீட்டில் அவரோடு வாசித்து வாசித்துத்தான். அவர் 2012இல் மறைந்தார்.

என் தீர்ப்பைக் கருவியை வைத்தே சொல்கிறேன். ஃபிடில் என்றால் பட்டறை முதலில், தயங்கவே வேண்டாம். வில் ஒருமுறை தவறாகப் பழகிவிட்டால் ஜாம் அதைத் திருத்தாது, உறுதியாக்கிவிடும். பாஞ்சோவுக்கு ஒரு வார இறுதிப் பட்டறை போதும். கை பிடிபட்டதும் ஜாமுக்கு ஓடுங்கள். கிடாருக்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம். வெளிவட்டத்தில் உட்கார்ந்து, அனுபவசாலியான கிடார்காரரின் இடது கையைப் பார்த்து, மெல்ல வாசியுங்கள். ஏற்கனவே இரண்டு கிடார் இருந்தால் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

வேகத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு மெதுவான ஜாம்கள் பல ஊர்களில் உண்டு. நல்ல தொடக்கம், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். குழந்தைகள் விஷயத்தில் இந்தத் தேர்வே வேண்டியதில்லை. ஹெலன் ஒயிட் 2000இல் வட கரோலினாவின் ஸ்பார்ட்டாவில் தொடங்கிய ஜூனியர் அப்பலாச்சியன் மியூசிஷியன்ஸ் திட்டம், பள்ளி முடிந்ததும் பாடத்தையும் கூடி வாசிப்பதையும் சேர்த்தே தருகிறது.

முகாமுக்குப் போவதானால் இரவு ஜாமைத் தவறவிடாதீர்கள். பகல் வகுப்பில் கற்ற மெட்டை அன்றிரவே பத்துச் சுற்று வாசிக்க வேறெங்கும் வாய்ப்புக் கிடைக்காது. ஊர் திரும்பியதும் ஒரே ஒரு மெட்டைத் தேர்ந்து, ஒரு மாதத்துக்குள் உள்ளூர் ஜாமில் நீங்களே தொடங்கி வையுங்கள். யாரிடம் கற்றது, அவர் யாரிடம் கேட்டது என்பதையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அதில் கோணல் இருந்தால் முதலிலேயே எச்சரித்துவிட்டு, கோணலோடே வாசியுங்கள்.