பதற்றத்துக்கு எது உதவும்? அமுக்கரா, லாவெண்டர், கெமோமைல், வல்லாரை: ஓர் ஒப்பீட்டு அலசல்

"மாத்திரை சாப்பிடப் பயமா இருக்கு, இயற்கையா ஏதாவது இருந்தா சொல்லுங்க." பதற்றத்தால் அவதிப்படுகிறவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. பதில் சொல்வதற்கு முன், தொல்லை எந்த வகை என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஒன்று, நாள் முழுக்க விடாமல் அரிக்கும் கவலை. தூக்கம் பிடிக்காது, வயிறு பிசையும், பிள்ளை பள்ளியிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் மனம் எங்கெங்கோ ஓடும். இன்னொன்று பேனிக் அட்டாக். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், விரல் நுனிகள் மரத்துப்போகும், இதோ செத்துவிடப் போகிறோம் என்றே தோன்றும்.

மூலிகை விற்பவர்கள் இரண்டுக்கும் ஒரே புட்டியை நீட்டுகிறார்கள். என் வருத்தமெல்லாம் அதில்தான். பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் அடங்கத் தொடங்கிவிடும். விழுங்கிய கேப்ஸ்யூல் வயிற்றில் கரைந்து, குடல் அதை உறிஞ்சி, ரத்தத்தில் கலப்பதற்குள் தாக்குதல் தானாகவே வடிந்திருக்கும். "டீ குடித்தேன், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது" என்பவர் பொய் சொல்லவில்லை. டீ இல்லாவிட்டாலும் அது சரியாகியிருக்கும். கீழே வரும் எதுவும் வந்துகொண்டிருக்கும் தாக்குதலை நிறுத்துவதற்கானது அல்ல. நாள்பட்ட கவலையைக் கொஞ்சம் இறக்கி வைக்குமா என்பதே இங்கே கேள்வி.

அமுக்கரா: சூரணமா, கேப்ஸ்யூலா?

நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது அமுக்கராக் கிழங்கு, அதாவது அஸ்வகந்தா. ஆய்வுகளும் இதற்குத்தான் கணிசமாக உண்டு. 2012-ல் ஹைதராபாத்தில் நாள்பட்ட மன நெருக்கடியில் இருந்த 64 பேரிடம் வேர்ச்சாறு 300 மி.கி. வீதம் தினம் இரு வேளை, 60 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்கு நல்ல குறைவு தெரிந்தது. அதன் பிறகு வந்த பல சிறு ஆய்வுகளும் ஏறக்குறைய இதே திசையில்தான் பேசுகின்றன. அளவு பெரும்பாலும் தினம் 240 முதல் 600 மி.கி. வரை, காலம் சுமார் எட்டு வாரம். இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்பதிலும் அர்த்தமில்லை, வருடக்கணக்கில் சாப்பிடுவதற்கும் ஆய்வின் துணை இல்லை.

ஆய்வில் கொடுத்தது செறிவூட்டிய வேர்ச்சாறு. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அமுக்கராச் சூரணம். இரண்டும் ஒன்றல்ல. சித்த மருத்துவ முறைப்படியான சூரணத்தில் கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரட்டிப்பாகப் போகும். அழகான கணக்கு. கூட்டிப் பாருங்கள்: நான்கு கிராம் சூரணத்தில் அமுக்கரா சுமார் ஒரு கிராம், சர்க்கரை இரண்டு கிராம். சர்க்கரை நோயாளிகள் இதைத் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும். அந்த ஒரு கிராமும் வெறும் பொடிதான். வித்தனோலைடு என்னும் செயல்படும் சத்து அதில் இயல்பாகவே குறைவு. ஆய்வில் வந்த பலனைச் சூரணத்தின் பேரில் எழுதி விற்பது முறையல்ல. அதற்காகச் சூரணம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை, அதை அதன் மரபுப்படி சித்த மருத்துவர் பார்த்துக் கொடுக்கட்டும் என்கிறேன்.

மிளகும் திப்பிலியும் சேர்ந்திருப்பதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இவற்றிலுள்ள பைப்பரின், வேறு சில மருந்துகள் ரத்தத்தில் கலக்கும் அளவைக் கூட்டும். படபடப்புக்கு டாக்டர்கள் எழுதும் புரோப்ரனலால், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு.

கேப்ஸ்யூல் வாங்குவதானால் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். வேர் மட்டும்தானா, எத்தனை மி.கி. சாறு, வித்தனோலைடு எத்தனை சதவீதம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். 300 மி.கி., 5 சதவீதம் என்றிருந்தால் 15 மி.கி. வித்தனோலைடு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இலை சேர்த்த சரக்கு வேண்டாம். 2021-ல் ஆயுஷ் அமைச்சகமே இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களிடம் சொன்னது.

ஆபத்துப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அஸ்வகந்தா எடுத்த ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலையோடு கல்லீரல் பாதிப்பு வந்ததை 2020-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு உயிரிழப்பு வரை போன நேர்வுகள் இந்தியாவிலும் உண்டு. 2023-ல் டென்மார்க் இதைத் தடையே செய்துவிட்டது. எண்ணிக்கையில் அரிதுதான். ஆனால் கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்ந்து போனால் அன்றே நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. அமுக்கரா தைராய்டு ஹார்மோனையும் கூட்டக்கூடியது. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு வரும் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை எல்லாம் பதற்றத்தைப் போலவே இருக்கும். பரிசோதிக்காமல் அமுக்கராவை எடுத்தால் நோயை வளர்த்த கதையாகிவிடும். எந்த மூலிகைக்கும் முன்னால் ஒரு இ.சி.ஜி., ஒரு தைராய்டு பரிசோதனை, ஹீமோகுளோபின் அளவு. இந்த மூன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லாவெண்டர்: வலுவான சான்று, ஆனால் நம் கையில் இருப்பது அதுவல்ல

சான்றின் தரத்தை மட்டும் பார்த்தால் அமுக்கராவைவிட ஒரு படி மேலே நிற்பது லாவெண்டர் எண்ணெய் கேப்ஸ்யூல். ஜெர்மனியில் சிலெக்சான் என்ற பெயரில் ஆய்வு செய்யப்பட்ட 80 மி.கி. கேப்ஸ்யூல் அது. 2010-ல் பதற்றத்துக்குத் தரும் லோராசெபாம் 0.5 மி.கி. மாத்திரையோடு ஆறு வாரம் ஒப்பிட்டார்கள். பலன் ஏறக்குறைய சமம். 2014-ல் வெளியான பெரிய ஆய்வில் நாள்பட்ட பதற்ற நோயுள்ள 539 பேர். போலி மாத்திரையை லாவெண்டர் தெளிவாக முந்தியது, கூடவே ஒப்பிட்ட பராக்செட்டின் மாத்திரைக்கும் சளைக்கவில்லை. தூக்கக் கலக்கமோ, பழகிவிடும் பயமோ இதில் பெரிதாக இல்லை. லாவெண்டர் வாசனையோடு ஏப்பம் வரும், அவ்வளவுதான். குறை என்று பார்த்தால், பெரும்பாலான ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது அதைத் தயாரிக்கும் நிறுவனமே. ஒப்பிட்ட லோராசெபாமும் சிறிய அளவுதான்.

நம் ஊர்க் கடைகளில் சிறு புட்டியில் கிடைக்கும் லாவெண்டர் எண்ணெய் முகர்வதற்கும் பூசுவதற்கும் ஆனது. அதைத் தண்ணீரில் சொட்டு விட்டுக் குடிக்காதீர்கள். தலையணையில் ஒரு சொட்டு விட்டால் தூங்கப் போகும் நேரம் இதமாக இருக்கலாம். அந்த இதத்தை 539 பேர் ஆய்வின் பலனோடு சேர்த்துப் பேச முடியாது.

கெமோமைல்: சாதுவானது

சாமந்திக் குடும்பத்துப் பூ. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2009-ல் 57 பேரிடம் நடந்த ஆய்வில் மிதமான பலன் கிடைத்தது. 2016-ல் தினம் 1,500 மி.கி. சாறு கொடுத்து நீண்ட காலம் பார்த்தபோது அறிகுறிகள் குறைந்தே இருந்தன, ஆனால் நோய் திரும்புவதைத் தடுத்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டிலும் கொடுத்தது டீ அல்ல, கேப்ஸ்யூல். டீயின் பலன், இரவு எட்டு மணிக் காபியின் இடத்தை அது பிடித்துக்கொள்வதிலும் இருக்கிறது. சாமந்தி, கேந்திப் பூ ஒவ்வாமை உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் தவிர்க்க வேண்டும்.

வல்லாரையும் நீர்ப்பிரமியும்

பிரமி என்ற பெயரில் இவை இரண்டையும் மாற்றி மாற்றி விற்பது வழக்கம், செடியோ வேறு வேறு. நீர்ப்பிரமிக்கு ஆய்வுகள் அதிகம் என்றாலும் அவை பெரும்பாலும் நினைவாற்றலைப் பற்றியவை; தினம் 300 மி.கி. வீதம் பன்னிரண்டு வாரம். பதற்றம் குறைந்தது அதில் கிடைத்த உபரிச் செய்தி. சிலருக்கு வயிற்றைப் புரட்டும். வல்லாரைக்கு 2000-ல் கனடாவில் ஒரு சுவாரசியமான சோதனை நடந்தது. நலமாக இருந்த 40 பேரில் ஒரு பிரிவுக்கு 12 கிராம் வல்லாரை கொடுத்து, திடீர்ச் சத்தம் எழுப்பினார்கள். அவர்கள் திடுக்கிடுவது குறைந்திருந்தது. நோயாளிகளிடம் இந்த அளவுக்குக்கூட உறுதியான சான்று கிடையாது. வாரம் இரண்டு நாள் வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள். அதைச் சிகிச்சைக் கணக்கில் எழுதாதீர்கள்.

நான் தள்ளி வைப்பவை

காவா. பசிபிக் தீவுகளில் வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கும் பானம். மிளகும் வெற்றிலையும் சேர்ந்த அதே குடும்பம். ஃபிஜியில் குடியேறிய இந்திய வம்சாவளியினர் வீடுகளிலும் பழக்கமானது. கல்லீரல் பாதிப்புப் புகார்களால் ஜெர்மனி 2002-ல் தடை செய்தது, பிறகு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கினாலும் 2019-ல் மீண்டும் தடை வந்தது. ஒரு காலத்தில் பதற்றத்துக்கு இதுவே முதலிடம் என்றார்கள். 2020-ல் ஆஸ்திரேலியாவில் 171 பேரிடம் பதினாறு வாரம் பார்த்த ஆய்வில் போலி மாத்திரையை இது முந்தவில்லை, கல்லீரல் பரிசோதனை முடிவுகளும் காவா எடுத்தவர்களிடமே அதிகம் பிறழ்ந்தன. வேண்டாம்.

வலேரியன் என்னும் மேலைநாட்டு வேர் பதற்றத்துக்கு உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2006-ல் தேடியபோது கிடைத்தது 36 பேர் கொண்ட ஒரே ஆய்வு. அதன் உறவான சடாமாஞ்சில் இமயமலையில் அழிவின் விளிம்பில் நிற்கும் செடி. சான்றும் இல்லாத நிலையில் அதைத் தோண்டி எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மேலைநாட்டு மூலிகை கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், மனநல மாத்திரைகளோடு மோதி உயிருக்கே ஆபத்தாகலாம்.

தேயிலையிலுள்ள தியானின் 200 மி.கி. அளவில் அந்த நேரத்து இறுக்கத்தைச் சிலருக்குத் தளர்த்தும். ஆனால் பதற்ற நோயுள்ள 46 பேரிடம் அதைவிடப் பெரிய அளவில் கொடுத்த 2019 ஆய்வில் பதற்றம் குறையவில்லை. மெக்னீசியம், உடலில் குறைபாடு இருந்தால் பலன் தரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடக்கூடாது.

பேனிக் அட்டாக்கில் நேரடியாகச் சோதித்தது

இந்த வரிசையில் பேனிக் நோயாளிகளிடமே சோதிக்கப்பட்டது என்று என்னால் காட்ட முடிவது இனோசிட்டால். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) உள்ள பெண்களுக்குப் பொடிப் பாக்கெட்டாகத் தருகிறார்களே, அதே பொருள். 1995-ல் இஸ்ரேலில் 21 பேருக்குத் தினம் 12 கிராம் கொடுத்தபோது தாக்குதல்களின் எண்ணிக்கை குறைந்தது. 2001-ல் 18 கிராம் அளவை ஃபுளுவோக்சமின் மாத்திரையோடு 20 பேரிடம் ஒப்பிட்டபோதும் சளைக்கவில்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் மொத்தம் நாற்பது சொச்சம் பேர், அதுவும் பல வருடம் முந்தையது. பி.சி.ஓ.எஸ்.ஸுக்குத் தருவது வழக்கமாகத் தினம் 4 கிராம். இங்கே மூன்று முதல் நான்கரை மடங்கு. வயிறு உப்பும், செலவும் ஏறும். தாங்களாகவே தொடங்காமல் மருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம்.

காசு செலவில்லாமல் இதைவிட முன்னால் செய்யக்கூடியது காபியைக் குறைப்பது. பேனிக் நோயுள்ளவர்களுக்கு ஒரே நேரத்தில் 400 முதல் 750 மி.கி. வரை காஃபின் கொடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பாதிப் பேருக்குத் தாக்குதல் வந்திருக்கிறது. போலி மருந்து பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. கள்ளிச்சொட்டாக டிகாஷன் இறக்கி நாளைக்கு நான்கைந்து முறை ஃபில்டர் காபி குடித்துக்கொண்டே அமுக்கரா தேடுவதில் பயனில்லை. திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும், வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மாத்திரையோடும் பயிற்சியோடும் ஒப்பிட்டால்

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனநல மாத்திரைகளுக்குப் பேனிக் நோயில் உள்ள சான்று மேலே சொன்ன எல்லா மூலிகைகளையும் சேர்த்தாலும் எட்டாதது. பழக்கத்துக்கு அடிமையாக்கும் வகையும் அல்ல. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் சில நாள் படபடப்பு கூடலாம் என்பதால் சிறிய அளவில் தொடங்குவார்கள். மக்கள் பயப்பட வேண்டியது உண்மையில் அல்பிரசோலத்துக்கு. "ஒரு ஸ்ட்ரிப் குடுங்க" என்று சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடும் அந்த மாத்திரைதான் பிடித்துக்கொண்டால் விடாது. அதை ஏற்கெனவே எடுப்பவர்கள் அமுக்கராவையோ வலேரியனையோ சேர்த்தால் மயக்கம் கூடும். மூலிகைக்கு மாறுகிறேன் என்று ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

மாத்திரையே வேண்டாம் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை எந்த வேரும் அல்ல, சி.பி.டி. என்னும் மனப்பயிற்சி. பேனிக் அட்டாக்கில் உடல் உணர்வைத் தவறாகப் படித்துவிடுவதே பயத்தை ஊதிப் பெருக்குகிறது என்பது 1986-ல் ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் கிளார்க் முன்வைத்த விளக்கம். அதனால் பயிற்சியில் அந்த உணர்வையே வேண்டுமென்று வரவழைப்பார்கள். சுழல் நாற்காலியில் சுற்றவிட்டுத் தலை கிறுகிறுக்க வைப்பார்கள், மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்வார்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆனால் ஒன்றும் ஆகாது. பல தடவை செய்யச் செய்ய உடல் அதைக் கற்றுக்கொள்கிறது. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ எங்கே பார்ப்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்கலாம். எந்த நேரமும் தமிழில் பேசலாம். நீங்கள் சாப்பிடும் சூரணம், கேப்ஸ்யூல், பொடி எல்லாவற்றின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.