பருவின் சிவப்புக்கு அசெலாயிக் ஆசிட்: வருஷம் தாண்டிய பிறகு

பரு வற்றிய இடத்தில் சிவப்பு மட்டும் தங்கிவிட்டது, நீ என்ன பூசுகிறாய் என்று தோழி கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. நான் பூசுவது அசெலாயிக் ஆசிட், 15 சதவீத ஜெல், தோல் மருத்துவர் எழுதித் தந்தது. பருவையும் அதன் வீக்கத்தையும் குறைக்கும் மருந்து அது; பருவோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத் தெரியும். அதனால் நேரே குறைக்கு வருகிறேன்.

இந்த ஜெல் உருளும். காலையில் மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, மேலே சன்ஸ்கிரீன் தடவினால் தாடையோரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகத் திரண்டு வரும். அழிரப்பர் தேய்த்த தாளில் துகள் கிடக்குமே, அப்படி. தட்டிவிட்டால் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கிளம்பும். துடைத்தால் சன்ஸ்கிரீனும் கூடவே போய்விடும். புருவத்தில் ஒட்டிக்கொண்டதை யாராவது பார்த்துச் சொல்லும்வரை நமக்குத் தெரியாது. அசெலாயிக் ஆசிட் தண்ணீரில் லேசில் கரையாத தூள். அதைத் தாங்கிப் பிடிக்க, ஜெல்லைக் கெட்டியாக்கும் பாலிமர் சேர்க்கிறார்கள். சிலிகோன் கலந்த சன்ஸ்கிரீன் அதன் மேல் பட்டால் பல நேரம் இரண்டுக்கும் ஒத்துப்போவதில்லை. காரணம் தெரிந்த பிறகும் கோபம் குறையவில்லை.

சரி, சன்ஸ்கிரீனை விட்டுவிடலாமே என்றால் அதுதான் முடியாது. வெயில் பட்டால் இந்தச் சிவப்பு ஆற இன்னும் நாளாகும். மருந்துக்குத் துணையாக இருக்க வேண்டியதை மருந்தே உரித்துப் போட்டால் என்ன செய்வது? தண்ணீர் மாதிரி மெல்லிய சன்ஸ்கிரீன் ஒன்று எப்படியோ ஒத்துப்போனது. நிம்மதியாக இருந்தேன். அப்புறம் 'புதிய, மேம்பட்ட' என்று அட்டையில் போட்டு அதையும் மாற்றிவிட்டார்கள். இப்போது அதுவும் உருளுகிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். கன்னத்துச் சிவப்பு நன்றாகவே வெளுத்திருக்கிறது. இந்தச் சிவப்பு கறை இல்லை. வீக்கத்தால் தோலுக்கடியில் விரிந்துபோன நுண் ரத்தக்குழாய்கள்தான் அப்படித் தெரிகின்றன. கண்ணாடி டம்ளரை மேலே வைத்து அழுத்தினால் மறையும், எடுத்ததும் திரும்ப வரும். மாநிறத் தோலில் அது ஊதா கலந்தும் தெரியலாம். அழுத்தியும் மறையாத பழுப்பு என்றால் அது தோலின் நிறமியான மெலனின், வேறு கதை. அதனால்தான் கரும்புள்ளி கிரீம்களை எவ்வளவு அப்பினாலும் சிவப்பு அசைவதில்லை. அசெலாயிக் ஆசிட் வீக்கத்தைத் தணிக்கும், புதுப் பருவையும் குறைக்கும். புதிது வராவிட்டால் பழையது ஆற வழி கிடைக்கிறது. இந்தச் சிவப்பு சும்மா விட்டாலும் மாதக்கணக்கில் தானாக ஆறக்கூடியதுதான் என்பதால், பாராட்டை முழுதாக ஜெல்லுக்கே கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆரம்ப வாரங்களில் மூக்கோரம் அரிக்கும், சுருக்கென்று குத்தும். அது எனக்குத் தானாக அடங்கியது. பருவுக்குப் பூசும் இன்னொரு மருந்தான பென்சாயில் பெராக்சைடு மாதிரி தலையணை உறையை வெளுக்காதது எதிர்பாராத சந்தோஷம்.

உருளுவதைப் பற்றி மருத்துவரிடம் புலம்பியபோது, இரவில் மட்டும் போடுங்கள், காலையில் சன்ஸ்கிரீன் போதும் என்றார். போடுகிறேன். சன்ஸ்கிரீன் தப்பித்தது. ஆனால் நாளுக்கு இரண்டு வேளை என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கும் ஒரு மருந்தை ஒரு வேளைக்குச் சுருக்கித்தான் குடும்பம் நடத்த முடிகிறது என்றால், அதைச் செய்தவர்கள் காலையில் ஒருதரமாவது பூசிப் பார்த்தார்களா?

மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு 5க்கு 2. போன வாரம் கேட்டிருந்தால் 4 கொடுத்திருப்பேன். தோழிக்கு மட்டும் வாங்கச் சொல்லித்தான் எழுதினேன். அவள் கர்ப்பமாக இருக்கிறாள், பருவுக்குத் தரும் வைட்டமின் ஏ வகை மருந்தான ரெட்டினாய்டு பக்கமே போகக் கூடாது. அசெலாயிக் ஆசிடைப் பொதுவாக அந்தச் சமயத்திலும் கொடுக்கிறார்கள், உன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றேன். ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் குறிவைக்கும் 595 நானோமீட்டர் லேசரைப் பற்றியும் கேட்டாள். குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் பாதி தானாகவே போயிருக்கும்.