நாடகத்தில் நடிக்கக் கூப்பிடுகிறார்களா? அட்வான்ஸ் வாங்காமல் ஒத்திகைக்குப் போகாதீர்கள்

சென்னையில் மேடை நாடகத்துக்கு ஆடிஷன் என்று அறிவிப்பைப் பார்த்ததும் கிளம்புகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் நானும் அப்படித்தான் கிளம்பினேன். 38 நாள் ஒத்திகை, 5 காட்சிகள். காட்சிக்கு 2,000 ரூபாய் என்று பேச்சு. கைக்கு வந்தது மொத்தமே 4,000. அதுவும் வக்கீல் நோட்டீஸ் போன பிறகு.

அந்தக் குழுவின் பெயரை இங்கே எழுத முடியாது, விஷயம் இன்னும் முடியவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அடையாளம் கண்டுவிடலாம்.

அறிவிப்பில் 'சம்பளம் நேரில் பேசிக்கொள்ளலாம்' என்று இருந்தது. வளசரவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஆடிஷன். 19 பேரை எடுத்தார்கள். சரித்திர நாடகம். ராணியின் தோழி வேடம் எனக்கு, அது போக இரண்டு குழு நடனம், ஒரு போர்க் காட்சி. தயாரிப்பாளர் தன்மையாகத்தான் பேசினார். "காட்சிக்கு ரெண்டாயிரம் தரேம்மா. பெரிய தொகை இல்லைதான், ஆனா இந்த நாடகம் போகப்போற இடமே வேற." எழுதிக் கொடுப்பீர்களா சார் என்று கேட்டேன். "நாமெல்லாம் ஒரு குடும்பம், நமக்குள்ள என்ன பேப்பர்?" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். அப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு மிருதங்கம் வாசிக்கிறவர். வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அட்வான்ஸ் எவ்வளவுத்தா குடுத்தாங்க?"

"இங்கெல்லாம் அப்படி இல்லப்பா."

"தேதிய மட்டும் சொல்லிட்டு அட்வான்ஸ் குடுக்காதவன், நாடகம் போடுறேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறவன்த்தா. பாத்துக்க."

எங்கள் ஊர்ப்பக்க நாடகம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, தேதி வாங்குவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு மேடையில் ஒன்றாக ஏறி விடிய விடிய ஆடுவார்கள். அப்பாவின் டைரியில் ஊர் பெயர், தேதி, சம்பளம், அட்வான்ஸ், மீதி எல்லாம் வரிசையாக இருக்கும். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் காலையில் பஸ் ஏறுவார். அங்கேயும் பாக்கி வைக்கிற ஆட்கள் உண்டு. ஆனால் போய்ச் சொல்வதற்குச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் பிறந்த நான்தான் சென்னைக்கு வந்து வெறும் வாய் வார்த்தையை நம்பினேன்.

ஒத்திகை தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை. கடைசி வாரம் பதினொன்றரை ஆகிவிடும், அந்த நேரத்துக்கு பஸ் கிடைக்காது. நான்கு பெண்கள் சேர்ந்து ஆட்டோ பிடிப்போம், காசு எங்களுடையது. கொடுத்தது டீயும் பன்னும். புடவையும் நகை செட்டும் நாங்களே வாங்க வேண்டும் என்றார்கள், எனக்கு 2,300 ரூபாய் ஆனது. எங்களோடு நடித்த ஓர் அண்ணனுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும், நைட் செக்யூரிட்டி வேலை. ஒத்திகைக்காக டியூட்டியை மாற்றிக் கேட்டார், தரவில்லை. வேலையையே விட்டுவிட்டு வந்தார்.

முதல் காட்சி அன்று மதியம் நடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அரங்கத்தின் பின்வாசலில் லைட், சவுண்ட் சாமான்களோடு ஒரு மினி லாரி நின்றது. இறக்கவில்லை. "மீதி வந்தாத்தான் சார் கயித்த அவுப்போம்" என்று லைட் அண்ணன் சொல்லிவிட்டு, வண்டியின் மேல் சாய்ந்தபடி நின்றார். தயாரிப்பாளர் இரண்டு மூன்று பேருக்குப் போன் போட்டார். பத்து நிமிஷத்தில் லைட் அண்ணனின் போனில் ஜிபே சத்தம் கேட்டது. உடனே கயிறு அவிழ்ந்தது. அரங்க வாடகை ஏற்கெனவே முழுசாகக் கட்டியாகிவிட்டது, கட்டாமல் கதவைத் திறக்க மாட்டார்கள். மேக்கப் போட்டவர் கடைசிக் கொண்டையைக் கட்டி முடித்ததும் அங்கேயே எண்ணி வாங்கிக்கொண்டார். நாங்கள் 19 பேரும் பார்த்துக்கொண்டேதான் நின்றோம். நம் பணம் எங்கே என்று ஒருவருக்கும் வாய் வரவில்லை.

டிக்கெட் 499, 999, 1,499. 500 ரூபாய் வரைக்குமான நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 499 என்று வைத்தவருக்குக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. முதல் இரண்டு காட்சிக்கும் அரங்கம் நிறைந்தது. பக்கத்திரைக்கு நடுவே எட்டிப் பார்த்து நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டோம்.

இரண்டாவது காட்சிக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு பையன் மேக்கப் அறைக்குள் தாள் கொண்டுவந்தான். "வீடியோ எடுக்கிறதுக்காக, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றான். இங்கிலீஷில் இரண்டு பக்கம். படிக்க நேரம் ஏது? பேனா இல்லாமல் ஒரு பெண் புருவப் பென்சிலால் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். அந்தத் தாளில் எங்களை 'வாலண்டியர்' என்று எழுதியிருந்ததும், படம்பிடித்ததை எங்கே வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம் என்று இருந்ததும் வக்கீல் படித்துச் சொன்ன பிறகுதான் தெரியும். தயவுசெய்து மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி நடிப்பவருக்கும் தன் நடிப்பின் மேல் உரிமை உண்டு, அது 50 வருடம் நிற்கிற உரிமை. சம்மதம் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்பதால்தான் அந்தத் தாளே வந்தது.

ஐந்தாவது காட்சி முடிந்ததும் மேடையிலேயே எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தி, ஆளுக்கொரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். கவர் வரும் என்று மேக்கப் கலைத்த பிறகும் காத்திருந்தோம். வரவில்லை. "கணக்கு முடியட்டும்" என்றார்கள். அப்புறம் "கோவை ஷோ முடியட்டும், மொத்தமா தரோம்" என்றார்கள். கோவையில் ஷோ நடக்கவே இல்லை. செக்யூரிட்டி வேலையை விட்ட அண்ணன் வாட்ஸ்அப் குரூப்பில் மரியாதையாகத்தான் கேட்டார், "சார், வாடகை கட்டணும்" என்று. ஐந்து நிமிஷத்தில் அவரை குரூப்பிலிருந்து நீக்கிவிட்டு, 'பணத்துக்காக வந்தவர்கள் கலைக்கு வேண்டாம்' என்று ஒரு மெசேஜ். அதைப் படித்துவிட்டு அன்று நான் அழுதேன்.

நேரில் போய்க் கேட்டபோது தயாரிப்பாளர் பழைய கதை சொன்னார். மெட்ராஸில் 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை ஆரம்பித்த காலத்திலிருந்து படித்தவர்கள் ஆசைக்குத்தான் நடித்தார்களாம், சம்பளத்துக்கு இல்லையாம். அது உண்மைதான். பம்மலார் வக்கீலாக இருந்து நீதிபதியானவர். பின்னால் வந்த சபா நாடகங்களிலும் பகலில் பேங்க்கிலோ அரசாங்க ஆபீஸிலோ வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் நடித்தவர்கள் நிறைய. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நண்பர்கள் சேர்ந்து, கைக்காசு போட்டு, யாரும் லாபம் பார்க்காமல் போடுகிற நாடகத்தில் நானும் சும்மா நடித்திருக்கிறேன், இனிமேலும் நடிப்பேன். ஆனால் 1,499 ரூபாய்க்கு டிக்கெட் விற்று, லைட்டுக்கும் வாடகைக்கும் எண்ணி வைத்துவிட்டு, நடித்தவனிடம் மட்டும் கலைச்சேவை பேசுவது வேறு. அது கூலியைப் பிடித்துவைப்பது.

சரி, பணம் கொஞ்சமாவது எப்படி வந்தது என்று சொல்கிறேன். 'ரெண்டாயிரம்' என்று அவர் சொன்ன வாய்ஸ் மெசேஜ் ஒன்று எங்களில் ஒரு பெண்ணின் போனில் அழியாமல் இருந்தது. வாயால் பேசினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் பாடு என்றார் வக்கீல். பணப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம் வரை நேரம் இருக்கிறது, அதனால் நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். ஆறு பேர் சேர்ந்து நோட்டீஸ் அனுப்பினோம். மூன்று வாரத்தில் ஆளுக்கு 4,000 வந்தது. மீதிக்கு இன்னும் அலைகிறோம். மற்ற 13 பேர், வேறு வாய்ப்பு கெட்டுப்போகும் என்று பயந்து சேரவில்லை. அவர்களுக்கு ஒன்றுமே வரவில்லை.

போகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். பேசிய தொகையையும் தேதிகளையும் அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சரி என்று ஒரு பதில் வாங்குங்கள். ஒத்திகைக்குத் தனியாகக் காசு உண்டா, துணிமணி யார் செலவு என்று முதல் நாளே கேளுங்கள். அட்வான்ஸ் 500 ரூபாயாக இருந்தாலும் வாங்கிவிட்டு ஒத்திகைக்குப் போங்கள்.

போன வாரம் ஒரு புது ஆடிஷன் அறிவிப்பு பார்த்தேன். குழுவுக்கு வேறு பெயர், நாடகமும் வேறு. தொடர்புக்குக் கொடுத்திருந்த போன் நம்பர் மட்டும் என் போனில் ஏற்கெனவே இருக்கிறது. கீழே கடைசி வரியில், சம்பளம் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தார்கள்.