எதுவும் உடையவில்லை, ஆனாலும் மூன்றரை நட்சத்திரம்தான்: ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் அனுபவம்

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் செய்த தப்பு எந்த நிறுவனமும் செய்யக்கூடியதுதான். நடந்த நல்லதும் நிறுவனத்தால் நடந்ததில்லை, அன்றைக்கு வந்த இரண்டு பேரால் நடந்தது. அடுத்த தடவை அதே இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

அப்பா போய் பதினோரு வாரம் ஆகியிருந்தது. வாடகை ஒப்பந்தம் முடிகிற நேரம், அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "ஒரு வருஷத்துக்குப் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க" என்று சொன்னவர்களும் உண்டு. நல்ல யோசனைதான், அதை வீட்டுக்காரரிடம் போய் யார் சொல்வது. சரி, லிஃப்ட் உள்ள சின்ன அபார்ட்மென்ட் ஒன்று கிடைத்தது, மாறினோம்.

சும்மா ஆள் தேடுகிறவர்களுக்கு: சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், பேசிய தொகைக்கு மேல் கேட்கவில்லை, ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை. அது போதுமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் எழுதுவது, சமீபத்தில் ஒருவரை இழந்துவிட்டு அதே கையோடு வீட்டையும் காலி செய்ய வேண்டியவர்களுக்காக.

முதலில் சர்வே. வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். எல்லா அறையும் ஒழுங்காகக் காட்டினேன், அப்பா அறை வந்ததும் கதவைப் பாதி திறந்து "ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு மேசை" என்று சொல்லி மூடிவிட்டேன். பீரோவுக்குள் என்ன, பரணில் என்ன, கட்டிலுக்கு அடியில் என்ன, எதுவும் காட்டவில்லை. இது முழுக்க என் தப்பு. ஷிஃப்டிங் அன்று பெட்டி போதாமல் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. உங்களுக்கும் ஒரு அறைக்குள் போக முடியாது என்றால், நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் போனை வேறு யாரிடமாவது கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் ஏன் அதைச் செய்யவில்லை என்றால், முன்பதிவு செய்யும்போது விஷயத்தையே சொல்லவில்லை. யாரென்றே தெரியாத ஒருவர் போனில் "சாரி மேடம்" என்று சொல்வதைக் கேட்க அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்து பேர் வந்தார்கள். வேகம் என்றால் அப்படியொரு வேகம். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தினார்கள் (அதிர்வில் அப்படித்தான் உடையாதாம்), புத்தகங்களைப் பெரிய பெட்டியில் போடாமல் சின்னப் பெட்டிகளில் பிரித்துப் போட்டார்கள், டிவியைப் படுக்க வைக்கவே இல்லை, ஃப்ரிட்ஜை முந்தின நாளே காலி செய்து அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள், அதையும் நிமிர்ந்தபடியே ஏற்றினார்கள். தொழில் தெரிந்தவர்கள். டேப்பைச் சர்ரென்று இழுத்து, பல்லால் கடிக்கப் போகிறார்கள் என்று பார்த்தால் விரல் நகத்திலேயே கிழிக்கிறார்கள். அந்தச் சத்தம் நாலு அறையிலிருந்தும் வந்துகொண்டே இருந்தது. அரை மணியில் ஹால் காணாமல் போய்விட்டது.

வேறு எந்த வீடாக இருந்தாலும் இதற்கு ஐந்து நட்சத்திரம். எங்கள் வீட்டில் அந்த வேகம்தான் பிரச்சினை. ஹால் மேசையின் இழுப்பறையை ஒருவர் அப்படியே கவிழ்த்து ஒரு பெட்டிக்குள் கொட்டினார். அதற்குள் அப்பாவின் மூக்குக்கண்ணாடி, நாலு பேனா, ரப்பர் பேண்டு, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. பெட்டி மேல் மார்க்கரில் "இதர" என்று எழுதினார். மொத்தம் 52 பெட்டி, அதில் 11 "இதர". ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு ஒரு பட்டியல் தருவார்கள், கையெழுத்து வாங்குவார்கள், நானும் படிக்காமல் போட்டேன். புது வீட்டில் ஆறு ராத்திரி அம்மா அந்தக் கண்ணாடியைத் தேடினாள். யாரும் போடப் போவதில்லை, ஆனாலும் தேடினாள். கடைசியில் 31ஆம் எண் பெட்டியில், ஸ்டேப்ளருக்கும் டிவி ரிமோட்டுக்கும் நடுவில் இருந்தது. மார்க்கரை நீங்களே வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "இதர" என்று எழுத விடாதீர்கள்.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில் ஒரு பையன், இருபது வயது இருந்தால் அதிகம், அப்பா அறை வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகாமல் கேட்டான்: "அக்கா, இந்த ரூமை நாங்க பண்ணட்டுமா, இல்ல நீங்க பண்றீங்களா?" அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மேசை மேல் இருந்த, கிழமை போட்ட மாத்திரை டப்பாவைப் பார்த்தானா, மடிக்காமல் கிடந்த போர்வையைப் பார்த்தானா, தெரியவில்லை. நான் பண்ணிக்கொள்கிறேன் என்றேன். ஐந்து காலிப் பெட்டியும் ஒரு டேப் சுருளும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். மூன்றரை நட்சத்திரத்தில் ஒன்று அவனுக்கு.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், நாமே கட்டிய பெட்டிக்குள் ஏதாவது உடைந்தால் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கிடையாது, அவர்கள் கட்டியதற்குத்தான். தெரிந்தேதான் நான் கட்டினேன். நகை, பணம், ஒரிஜினல் பத்திரம் எதையும் லாரியில் ஏற்றாதீர்கள் என்று அவர்களே சொல்வார்கள். அவர்கள் சொல்லாதது: இறப்புச் சான்றிதழின் நகல்களும், போனவரின் போனும், அதன் சார்ஜரும் உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். வங்கி ஓடிபி எல்லாம் இன்னும் அந்த எண்ணுக்குத்தான் வரும். நான் சார்ஜரை ஒரு "இதர"வுக்குள் போக விட்டேன், மூன்று நாள் அப்பாவின் போன் செத்துக் கிடந்தது. இந்தச் சொல்லை யோசிக்காமல்தான் எழுதினேன், இருக்கட்டும்.

அம்மா ஹாலில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து மீந்துபோன பபிள் ராப்பை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பொருள் வாங்கினாலும் அதை உடைப்பது அப்பாவின் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது. 1957இல் ஃபீல்டிங், ஷவான் என்று இரண்டு பேர் சுவரில் ஒட்டுகிற அலங்காரத் தாள் செய்யப் போய்த்தான் இது பிறந்தது என்பதும் அப்பா சொல்லித்தான் தெரியும், வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அம்மா அதை அந்தப் பையனிடம் அப்பா குரலிலேயே சொல்லிக் காட்டினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் அழுதுகொண்டிருக்கிறாள், அப்புறம் எழுந்துபோய் சமையலறைப் பெட்டிகளை எண்ணுகிறாள். 1999இல் ஸ்ட்ரோபே, ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் துக்கம் படிப்படியாக இறங்குவதில்லை, இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் இடையே போய்ப் போய் வருவது என்று எழுதினார்கள். பின்னாளில் அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இந்த ஹால்தான்.

இப்போது வாஷிங் மெஷின். இதைத்தான் நான் எழுத உட்கார்ந்தது.

சூப்பர்வைசர் வந்து, "மேடம், ஃப்ரண்ட் லோடு மெஷினாச்சே, டிரான்ஸிட் போல்ட் இருக்கா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. விளக்கினார். மெஷினுக்குள் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது, வண்டியில் போகும்போது ஆடி அடிபடக்கூடாது என்று பின்பக்கம் நீளமான போல்ட் போட்டு டிரம்மை அசையாமல் பிடித்திருப்பார்கள், வீட்டில் பொருத்தும்போது அதைக் கழற்றிவிடுவார்கள், நாம் அதைக் குப்பையில் போட்டுவிடுவோம். "பத்துல ஒம்போது வீட்ல இருக்காது மேடம். இல்லைன்னா தெர்மகோல் வச்சு அடைச்சு எடுத்துட்டுப் போவோம், ஆனா கேரண்டி சொல்ல முடியாது."

அம்மா சமையலறையிலிருந்தே, "அவர் டூல் பாக்ஸ்ல பாரு" என்றாள்.

இருந்தது. கட்டிங் பிளேயருக்கு அடியில் ஒரு ஜிப் கவர், அதற்குள் நாலு போல்ட், அதனுடன் வந்த பிளாஸ்டிக் துண்டுகள், மடித்த ஒரு துண்டுக் காகிதம். நீல மையில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து: "வா. மெஷின் போல்ட் 4. வீடு மாறும்போது போடணும். அங்க போய் துணி போடறதுக்கு முன்னாடி கழட்ட மறக்காதே."

மறக்காதே என்று யாரிடம் சொன்னார்? தனக்கே எழுதிக்கொண்டாரா, எனக்கா, தெரியவில்லை. மெஷின் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது.

சூப்பர்வைசர் காகிதத்தை வாங்கிப் படித்தார், போல்ட்டை எண்ணினார். "சார் எங்க, வெளிய போயிருக்காரா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. காகிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, ஆட்களை விடாமல் தானே குனிந்து உட்கார்ந்து நாலையும் முடுக்கினார். அதற்கப்புறம் வீட்டில் டேப் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது, என் பிரமையாகவும் இருக்கலாம். புது வீட்டில் எல்லாம் இறக்கி முடித்து மற்றவர்கள் வண்டியில் ஏறிய பிறகு, அவர் மட்டும் திரும்பி மேலே வந்து போல்ட்டைக் கழற்றினார் (கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறை முழுக்க ஆடுமாம், உள்ளேயும் கெட்டுப்போகும்). நாலையும் எண்ணிக் கவரில் போட்டு, "அடுத்த தடவைக்கு ஆச்சு மேடம்" என்று டூல் பாக்ஸிலேயே வைத்துவிட்டுப் போனார். இன்னொரு நட்சத்திரம்.

சோபா லிஃப்டில் ஏறவில்லை, படியில் நாலு மாடி தூக்கினார்கள், முகம் சுளிக்கவில்லை. லிஃப்டின் கதவு அகலத்தை மட்டும் அளந்துவிட்டு ஏமாந்தது நான்தான், உள்ளே உயரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

அப்புறம் ஏன் ஒன்றரை குறைந்தது என்றால், அந்துருண்டை.

அப்பா அறையை நான் கட்டினேன், ஆனால் அவருடைய ஒரு சட்டை அம்மாவின் பீரோவில் இருந்தது, துவைக்காதது. அம்மா அதை ஏன் அங்கே வைத்திருந்தாள் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த பீரோவை அவர்கள் கட்டினார்கள், ஒவ்வொரு துணிப் பெட்டியிலும் நல்லெண்ணத்தோடு நாலு அந்துருண்டை போட்டார்கள், "காம்ப்ளிமென்டரி" என்று பட்டியலில் வேறு எழுதியிருந்தது. நாலாவது நாள் பெட்டியைத் திறந்தோம். நாப்தலின் உருகாமல் அப்படியே ஆவியாகிற பொருள், மூடின பெட்டிக்குள் நாலு நாள் இருந்தால் ஒரு நூல் விடாது. அம்மா சட்டையை முகத்துக்குக் கொண்டுபோனாள், உடனே கீழே வைத்துவிட்டாள். வெயிலில் காற்றாட உலர்த்தினால் அந்துருண்டை வாடை போய்விடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். போகும், அதோடு மிச்சம் இருப்பதும் போகும். வாசனை மட்டும்தான் மற்ற புலன்களைப் போலச் சுற்றிக்கொண்டு வராமல் மூளையில் உணர்ச்சியும் நினைவும் இருக்கிற பகுதிக்கு நேராகப் போய்ச் சேருகிறதாம். நல்லது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். "துணியில் கறை, கிழிசல் ஏதாவது இருக்கா மேடம்?" இல்லை. "அப்ப டேமேஜ் என்னன்னு போடட்டும்?" அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், அவள் முன்னால் இருந்த படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான். எந்த இன்சூரன்ஸிலும் இருக்காது, பொருளின் விலைக்குத்தான் இழப்பீடு, பழைய சட்டைக்கு என்ன விலை. எனக்குக் கோபம் அவளிடம் இல்லை. துணிக்குள் வாடையுள்ள ஒன்றைப் போடுவதற்கு முன் "போடட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்கலாம், அந்தப் பையன் வாசலில் நின்று கேட்ட மாதிரி. அதைக் கேட்கச் சொல்லி ஆட்களுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றேன். "ஃபீட்பேக்கா எடுத்துக்கறோம்" என்றாள்.

உங்களிடம் அப்படி ஒரு துணி இருந்தால் ஜிப் கவரில் காற்றுப் புகாமல் போட்டு உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், யாரையும் கட்ட விடாதீர்கள்.

காலிப் பெட்டிகளை அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள், அது நல்ல வசதி. முதல் தடவை வந்து நாற்பத்தேழு எடுத்துப் போனார்கள். மீதி ஐந்து, அப்பா அறையில் நான் கட்டியவை, இன்னும் கதவுக்குப் பின்னால் நிற்கின்றன. எப்போது வரலாம் என்று ஒருவர் வாராவாரம் கூப்பிடுகிறார். இன்னும் காலியாகவில்லை என்கிறேன். "பரவால்ல மேடம், அடுத்த வாரம் பண்றேன்" என்கிறார். இது ஏழாவது வாரம்.