அலாதீன் விளையாட்டு: சேகா ஜெனிசிஸா, சூப்பர் நின்டெண்டோவா?

டிஸ்னியின் அலாதீன் படத்தை வைத்து சேகா ஜெனிசிஸ், சூப்பர் நின்டெண்டோ என்ற இரு வீடியோ கேம் கருவிகளுக்கும் 1993-இல் விளையாட்டுகள் வந்தன. பெயர் ஒன்று, ஆனால் இந்த இரண்டும் ஒரே விளையாட்டின் இரு பிரதிகள் இல்லை, தனித்தனி ஆட்டங்கள். சேகாவுக்குச் செய்தது வெர்ஜின் நிறுவனம், நின்டெண்டோவுக்குச் செய்தது கேப்காம் நிறுவனம்.

சண்டை: சேகாவில் கையில் வாள் இருக்கிறது. நின்டெண்டோவில் வாள் கிடையாது, எதிரியின் தலைமேல் குதிக்க வேண்டும். ஆப்பிள் எறிவது இரண்டிலும் உண்டு.

படம்: நின்டெண்டோ திரையில் 256 நிறங்கள் வரை காட்டும், சேகாவில் 64தான். அப்படியும் சேகாதான் கண்ணுக்கு விருந்து. காரணம், டிஸ்னியின் ஓவியர்களே அசைவுகளைக் கையால் வரைந்து கொடுத்தார்கள், அலாதீன் ஓடுவதையும் காவலர்கள் தடுமாறுவதையும் பார்த்தால் கார்ட்டூன் படமே கைக்குள் வந்த மாதிரி இருக்கும். கேப்காம் பதிப்பை வடிவமைத்த ஷின்ஜி மிகாமியே சேகாவின் அசைவுகள் மேல் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஓட்டம்: இங்கே நின்டெண்டோவுக்கே என் ஓட்டு. கம்பியில் சுழன்று தாவி, துணியைப் பிடித்து மிதந்து இறங்கும் அந்தச் சரளம் சேகாவில் இல்லை, அதில் சில குதிப்புகள் எரிச்சலூட்டும்.

கஷ்டம்: நின்டெண்டோ எளிது, விட்ட இடத்திலிருந்து தொடர பாஸ்வேர்டும் உண்டு.

சரி, எதை எடுப்பது? குழந்தையோடு ஆடுபவர்களுக்கும், குதித்துத் தாவும் ஆட்டம் பிடித்தவர்களுக்கும் நின்டெண்டோ. அழகுக்காகவும் வாளுக்காகவும் என்றால் சேகா. பழைய கருவி இல்லாதவர்கள் 2021-இல் வந்த டிஸ்னி கிளாசிக் கேம்ஸ் தொகுப்பை வாங்குங்கள், இரண்டும் அதிலேயே இருக்கின்றன.